பிடித்தம்

ஙகரத்தில் தொடங்கும் பெயர் அவளுக்கு:
ஙைரே போஹாத்து.
நம் அகராதியில் அந்தப் பக்கம்
ஏறக்குறைய காலி.

இன்வர்கார்கில்லில் டைல் ஒட்டுகிறாள்.
ஜூலைக் குளிரில் பசை இறுக மறுக்கும்.
ஹீட்டரை அணைக்காமல் போங்கள் என்று
பெயின்டர்களைக் கெஞ்சுவாள்.

அவள் பில் ஒவ்வொன்றிலும்
நூற்றுக்கு ஐந்து பிடித்தம்.
வேலையில் குறை தெரிந்தால் சரிசெய்ய,
தெரியாவிட்டால் ஓராண்டு கழித்துத் திருப்பித் தர.
பிடித்தம் என்றால் எங்கள் மொழியில்
பிரியம் என்றும் அர்த்தம், என்றேன் ஒருமுறை.
"அப்படியானால் கான்ட்ராக்டருக்கு
என்மேல் கொள்ளைப் பிரியம்" என்றாள்.

இரண்டு வேலை, ஒரே கம்பெனி.
நீச்சல்குளத்துக்குச் செப்டம்பரில் கையெழுத்து.
முதியோர் இல்லத்தின் பதினான்கு குளியலறைகளுக்கு
நவம்பரில்.
நடுவே ஓர் அக்டோபர் ஐந்தாம் தேதி.
அன்றுதான் சட்டம் மாறியது.

பழைய சட்டமும் சொன்னது
அது உன் பணம், அவர்கள் வெறும் காவல் என்று.
ஆனால் தங்கள் பணத்தோடு கலந்து வைக்கலாம் என்றது.
கலந்ததைப் பிரிக்கும் அன்னப்பறவை
எந்த வங்கியிலும் வேலைக்கு இல்லை.
டீசலாயிற்று, சம்பளமாயிற்று,
யாரோ ஒருவருடைய படகுக்குத் தவணையாயிற்று.

புதியது தனிக் கணக்கு கேட்டது.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
எவ்வளவு, எங்கே என்று கடிதம் கேட்டது.
மீறினால் இயக்குநரின் சொந்தப் பையில் கைவைக்கும்.

கெடு முடியப் பதினேழு நாள் இருக்கையில்
கம்பெனி விழுந்தது.
கலைப்பு அதிகாரியின் அலுவலகத்தில்
அந்த இரண்டு கடிதங்களையும் தட்டியவன் நான்.
ஒரே உறையில் வைத்தேன், தபால் செலவு மிச்சம்.

ஆறாயிரத்து இருநூற்றுப் பதினைந்து டாலர்
தனிக் கணக்கில் பத்திரமாக உள்ளது,
உரிய நாளில் செலுத்தப்படும்.

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பதுக்குத்
தாங்கள் ஈடில்லாக் கடன் கொடுத்தவர்,
வரிசையில் காத்திருக்கவும்.

மறுநாளே வந்தாள். கோட்டில் இன்னும் சிமென்ட் தூசி.
இரண்டாவது கடிதத்தில் ஒரு சொல்லின் மேல் விரல் வைத்து
"கடனா? நான் எப்போது கொடுத்தேன்?" என்றாள்.
அதே கை, அதே பசை,
அதே கரண்டி.
என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு தேதி.
அதைச் சொன்னேன்.
அவள் கேட்டது அது இல்லை என்று தெரிந்தே சொன்னேன்.

சனிக்கிழமை மகளை நீச்சலுக்கு அழைத்துப்போனேன்.
வரிசையில் எனக்கு முன்னால் ஙைரே.
பத்து டாலர் நீட்டினாள்.
சீட்டுக்காரப் பையன் மீதியை
அங்கேயே, அப்போதே, எண்ணித் தந்தான்.
அவள் அந்தச் சில்லறையைக் கொஞ்ச நேரம்
பார்த்துக்கொண்டு நின்றாள்.
பின்னால் யாரோ இருமினார்கள்.

பிறகு ஆழம் குறைந்த பக்கத்தில் இறங்கி,
நீர்மட்டத்துக்கு மேலிருந்த வரிசையில்
ஒவ்வொரு டைலாக
விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனாள்.
எதுவும் பொள்ளலாக ஒலிக்கவில்லை.
என் மகள் கேட்டாள்,
அந்த ஆன்ட்டி
யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார் என்று.