இருமல்காரர்

காவல்கிணற்றுத் துணைமின் நிலையத்தில்
இரவு ஷிப்ட் என்பது
பச்சை விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பது.
சிவப்பு எரியாதவரை நான் யாருக்கும் தேவையில்லை.
வெளியே முந்நூறு காற்றாலை
ஒரே சுரத்தில் முனகிக்கொண்டு.

பதினொன்றரைக்கு முதல் பாட்டு வரும்.
மேலப்பாளையத்திலிருந்து மைதீன் பிச்சை.
பிரிட்ஜ் ரிப்பேர்க்காரன். மலாய்ப் பாட்டுகள் மேல் பைத்தியம்.
ஒரு வார்த்தை புரியாது,
ஆனால் எந்த இடத்தில் டிரம்காரன் சோம்பேறி ஆகிறான் என்று சொல்வான்.

ஆவுடை அனுப்புவது எப்போதும் கிளப் டான்ஸ்.
கருப்பு வெள்ளை, வில்லன் கையில் சிகரெட்,
மாடிப்படியில் இறங்கி வருகிற பெண்.
"அவள விடு. பின்னால மூணாவது ஆளப் பாரு, கிளாரினெட்டு.
மத்தவனெல்லாம் நடிக்கான்.
இவன் ஒருத்தன்தான் வாசிக்கான்.
டைட்டில்ல பேரு கிடையாது."
பேட்டையில் எல்.ஐ.சி. ஏஜென்ட் அவள்.
பேர் விட்டுப்போனால் தாங்கமாட்டாள்.

நான் எதுவும் அனுப்புவதில்லை.
கேட்கவும் ஒரு ஆள் வேண்டுமே.

ஜாஸ், ஜெபசிங் அண்ணன் இலாகா.
விக்கிரமசிங்கபுரம் மில்லில்
தறிச் சத்தத்துக்கு நடுவே இருபத்தாறு வருசம்.
ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் பாஸ்.
எங்களில் இங்கிலீஷ் அவருக்குத்தான் என்பது ஏற்பாடு.

ஒரு பாட்டு அனுப்பினார்.
பாடுகிறவள் பெயர் தெரியாது.
ஊசி உரசும் சத்தத்தையும் சேர்த்து இரண்டு நிமிடம் ஐம்பது வினாடி.
என்னத்தப் பாடுதா அண்ணே, என்றோம்.
"மழை. அந்த மழையில ஏறி அவன் போயிட்டான்கா."
மழையில் எப்படி ஏற?
"பாட்டுல்லாடே."

சரியென்று ஏறிக்கொண்டோம்.
ஆறு வருடம்,
யார் ஊரில் முதல் சாரல் விழுந்தாலும்
அன்று அந்தப் பாட்டுதான்.

அதில் நாற்பத்தேழாவது வினாடியில் யாரோ இருமுவார்.
வாத்தியக்காரரில் ஒருவர்.
வாயைப் பொத்திய, மரியாதையான இருமல்.
காதர் என்று பெயர் வைத்தான் மைதீன்.
ஆவுடை அவருக்கு ஒரு பாலிசி பார்த்தாள்,
நாமினி யார் என்பதில்தான் நின்றுபோனது.
அதிகம் விசாரித்தது ஜெபசிங் அண்ணன்.
நெஞ்சுச்சளியா, சும்மா தொண்டைக் கமறலா,
சித்தரத்தை போட்டு வெந்நீர் குடிக்கச் சொல்லப்பிடாதா.

இந்த மே மாதம்
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
அவருக்குக் காது மெஷின் மாட்டிவிட்டார்கள்.

ராத்திரி ஒன்று ஐம்பதுக்குக் குரல் செய்தி.
முதலில் மின்விசிறி.
கொஞ்ச நேரத்துக்கு மின்விசிறி மட்டும்.
பிறகு,
"ஏ மக்கா, அது ரெயின் இல்லடே. டிரெயின்."

யாரும் பதில் போடவில்லை.
நாகர்கோவில் பக்கம் போகிற சரக்கு வண்டி
என் ஜன்னலை ஆட்டிவிட்டுப் போனது,
தினமும் போகிறதுதான்.

இரண்டாவது செய்தி மூன்றே வினாடி.
"காதர் இருமுதாரு."

நான் சித்தரத்தையை நினைத்துக்கொண்டேன்.
ஆறு வருடத்துச் சித்தரத்தையை.

ஜூன் ஐந்து, பாபநாசத்தில் சாரல்.
மைதீன் ஏதோ எழுதுவது தெரிந்தது. நின்றது.
ஆவுடை எழுதுவது தெரிந்தது.
அதுவும் நின்றது.
என்ன அனுப்ப, யார் அனுப்ப?
மழைக்கு இனி அந்தப் பாட்டில் வேலை இல்லை.

அண்ணனே அனுப்பினார்.
கீழே ஒரு வரி:
மெஷினக் கழட்டி வச்சிட்டேன்.

காற்று வினாடிக்குப் பதினொரு மீட்டர்.
பதிவேட்டில் எழுதிவிட்டு ஹெட்போனை மாட்டினேன்.
நாற்பத்தைந்து. நாற்பத்தாறு.
மேலப்பாளையத்தில், பேட்டையில், இங்கே
எல்லாரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தோம்,
மனுசன் இருமட்டும் என்று.