மூன்றாவது பலகை

முதல் பலகையைக் காற்று
பள்ளிக்கூடக் கூரைக்குக் கொண்டுபோனது.
இரண்டாவது கிடைக்கவே இல்லை.
நீரிணைக்குள் விழுந்திருக்கும்,
மீன்கள் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கும்:
ஒயார்சோ. அடுப்பு, வெந்நீர்க் கருவி
பழுது பார்க்கப்படும்.

புன்டா அரேனாஸ்.
நடப்பவர்கள் பற்றிக்கொள்ளத்
தெருவோரம் கயிறு கட்டும் ஊர்.
நீர்மேல் எழுத்து என்பார்களே,
இங்கே காற்றின்மேல் எழுத்து.

மூன்றாவதுக்கு எர்மெலிண்டா
தச்சரிடம் போகவில்லை.
எதிர்ச்சாரியில் என் நகல் கடைக்கு வந்தாள்.
கையுறையைக் கழற்றாமலே கேட்டாள்:
"வலைத்தளத்துக்கு ஆணி வேண்டாம்தானே?"

வேண்டாம். பெயர் வேண்டும்.
அவள் கேட்ட பெயரை
ஸ்பெயினில் ஒரு பல் மருத்துவர்
முன்பே வாங்கி வைத்திருந்தார்.
பத்து நிமிடம் அவரைத் திட்டினாள்.
கடைசியில் ஒயார்சோவோடு அடுப்பை ஒட்டி எழுதினோம்,
நடுவில் இடைவெளி விடாமல்.
இணையத்தில் பெயர்கள் மூச்சு வாங்குவதில்லை.
வருட வாடகை,
ஒரு பர்னர் மாற்ற அவள் வாங்கும் கூலி.

காகிதத்தில் பட்டியல் கொண்டுவந்திருந்தாள்:
ஆடும் நெருப்பு, பின்னால் கிட்டார்,
பொழியும் பனி, வருக வருக.

நான் சொன்னேன்:
விடிகாலை ஆறு மணி.
ஒரு வீட்டில் வெந்நீர் நின்றுவிட்டது.
குழந்தைக்குப் பள்ளி.
ஒருத்தி நடுங்கும் கட்டைவிரலால்
உன்னைத் தேடுகிறாள்.
அவளுக்கு என்ன வேண்டும்?

வெளியே கயிறு அடித்துக்கொண்டே இருந்தது.

"என் எண்."
எங்கே?
"மேலே."

எண் மேலே ஏறியது,
அவள் பெயரைவிடப் பெரிதாக.
அதன்கீழ் கடை நேரம்,
மதியம் ஒன்று முதல் மூன்று வரை
மூடியிருக்கும் என்ற உண்மையோடு.
விலைக்கு இரண்டு நாள் சண்டை.
வந்து பார்க்க எவ்வளவு என்பதை மட்டும் போட்டாள்.
முகவரி என்ற இடத்தில்
தெருவை எழுதிவிட்டு யோசித்தாள்.
பிறகு சேர்த்தாள்:
'நீலக் கதவு. பலகை இருக்காது.'

படம்தான் படுத்தியது.
என் அலைபேசியில் அவள் நெற்றி தெரிந்து,
புருவம் தெரிந்து,
மூக்கு வருவதற்குள் தேநீர் ஆறிவிட்டது.
"இதற்குள் அந்தக் குழந்தை விறைத்திருக்கும்" என்று
அவளே சொன்னாள்.
சுருக்கினோம்.

'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தில்
ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தாள்.
"எங்கள் என்றால் யார்?
இருப்பது நான் ஒருத்தி."
தலைப்பை மாற்றினோம்.
பத்தாம் நாள் ஒரே வரி வந்தது:
'வாயுக் கசிவை மூக்கே சொல்லிவிடும்.
இருந்தாலும் கருவியும் கொண்டுவருவேன்.'
ஒரு எழுத்தையும் நான் தொடவில்லை.

முதல் மாதம் பதினொரு வருகை.
ஏழு அவள். மூன்று நான்.
மிச்சமிருந்த ஒருவர் யார் என்று
ஒரு வாரம் பேசினோம்.
பல் மருத்துவராக இருக்கலாம் என்றாள்.

ஜூன். இங்கே நடுக்குளிர்.
இரவு பதினொன்றரைக்கு ஒரு செய்தி,
நீரிணைக்கு அக்கரையிலிருந்து, போர்வெனிரிலிருந்து:
'தீவுக்கும் வருவீர்களா?'

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.
துறைமுகத்தை மூடிவிட்டார்கள்.
மறுநாள் முதல் படகில் கடந்தாள்.
வியாழக்கிழமை திரும்பியவள்
வீட்டுக்குப் போகாமல் நேரே என் கடைக்கு வந்து,
உப்பு காய்ந்த முகத்தோடு சொன்னாள்:

"ஒரு வரி சேர்.
நீரிணை தாண்டியும் வருவேன்.
படகுக் கட்டணம் உங்களுடையது.
துறைமுகம் மூடினால் மறுநாள்."

தட்டிக்கொண்டிருந்தபோது
மேலே பெரிதாக ஏதோ பிய்ந்தது.
இருவரும் வாசலுக்கு ஓடினோம்.
'நகல்' என்ற மூன்று எழுத்து
தேவாலயப் பக்கமாகப்
பறந்துகொண்டிருந்தது.

எர்மெலிண்டா சிரிக்கவில்லை.
கயிற்றைப் பற்றிக்கொண்டு தெருவைக் கடந்தவள்
பாதியில் திரும்பிக் கத்தினாள்.
காற்றில் ஒரு சொல்தான் வந்து சேர்ந்தது:

"மேலே!"