இரண்டாம் பட்டன்

பத்துப் படம் பார்த்துத்தான் வாங்கினோம்.
முன்னால், பின்னால், இடம், வலம்,
பானெட்டைத் திறந்து ஒன்று,
ஓடிய மைலைக் காட்டி ஒன்று.
ஏலம் அங்கே உச்சி வெயிலில்.
ருஸ்தாவியில் எங்களுக்கு இரவு எட்டு மணி.
தம்பி நுக்ரி சூரியகாந்தி விதை கொறித்தபடி
விரலைத் தட்டினான்:
இரண்டாயிரத்து முந்நூறு டாலர்.
நியூஜெர்சியில் எவரோ
இனி தேறாது என்று கையெழுத்துப் போட்டதை
நாங்கள் போட்டிபோட்டு எடுத்தோம்.

ஐம்பத்து மூன்று நாள் கடல்.
போத்தித் துறைமுகத்தில் கண்டெய்னர் திறந்தால்
பந்தியில் இடம் பிடித்தவர்கள் போல
இடித்துக்கொண்டு நான்கு வண்டிகள்.
எங்களுடையது வெள்ளை ஃபோர்ட் ஃப்யூஷன்.
இடப்பக்கம் நின்று பார்த்தால் மாப்பிள்ளை.
சுற்றி வலப்பக்கம் வந்தால்
பேச்சு பாதியில் நிற்கும்.

இங்கே இதே வண்டிதான் டாக்சி, பாதி ஊருக்கு.
அதனால்
உடல் வந்து சேருமுன்பே
பங்குக்கு ஆள் வந்துவிடும்.
ஹைப்ரிட் பேட்டரிக்குக் குத்தாயிசியிலிருந்து ஒருவன்.
இடது விளக்குக்கு யெரவானிலிருந்து போன்மேல் போன்.
சங்கிலியில் தூக்கியபோது எஞ்சின்
ஒரு சொட்டு எண்ணெய் விட்டது,
அவ்வளவுதான்.

அவன் கழற்றுவான், நான் எழுதுவேன்.
ரேடியேட்டர் நூற்றுப் பத்து.
ஸ்டியரிங் நாற்பது, ஏர்பேக் வெடித்துவிட்டதால்.
சீட்டுக்கடியில் கல்லாய் இறுகிய
உருளைக்கிழங்கு வறுவல் மூன்று,
ஒரு கொண்டை ஊசி.
அவற்றுக்கு விலை இல்லை. எழுதவில்லை.

டிரைவர் சீட்டை எடுக்குமுன்
மோட்டார் ஓடுகிறதா பார்க்க வேண்டும்.
நுக்ரி வெளியிலிருந்து பேட்டரி இணைத்துக்
கதவிலிருந்த பட்டனை அமுக்கினான்.
ஒன்று:
சீட் முனகிக்கொண்டு பின்னே போனது,
தாழ்ந்தது, சாய்ந்தது.
நல்ல உயரமான ஆள்.
இரண்டு:
முன்னே வந்தது, இன்னும் முன்னே,
ஸ்டியரிங்கை முட்டுவதுபோல் வந்து
மேலே எழும்பி,
முதுகை நிமிர்த்தி நின்றது.
மூன்று: ஒன்றும் நடக்கவில்லை.
மூன்றாவது ஆள் ஓட்டவில்லை போல.

நுக்ரி ஸ்பானரைத் துடைத்தான்.
துடைத்ததையே மறுபடி துடைத்தான்.
நான் எழுதினேன்:
சீட், மின்சாரம், வேலை செய்கிறது.

வியாழக்கிழமை நாதெலா வந்தாள்.
இரவு டாக்சி. ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு.
அவள் சீட் மோட்டார் எரிந்து ஒரு வருடமாம்,
கம்பளியை நான்காய் மடித்து
அதன்மேல் உட்கார்ந்து ஓட்டுகிறாள்.
சோதித்துப் பார் என்றான் நுக்ரி.
உட்கார்ந்தாள். கால் தொங்கியது.
இரண்டை அமுக்கினான்.

சீட் அவளைத் தூக்கிக்கொண்டு போய்
இல்லாத பெடல்கள் முன் வைத்தது.
அவள் பாதம் வெறுந்தரையில் ஊன்றி
பிரேக் இருக்க வேண்டிய இடத்தில்
சரியாக நின்றது.
கண்ணாடி கழற்றிய முன்பக்கம் வழியே
எங்கள் மதில் சுவரைப் பார்த்தாள்,
சாலையைப் பார்ப்பதுபோல்.

யாருடையது, என்று கேட்டாள்.
தெரியாது, என்றேன். அது நிஜம்.
அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை.
அவள் என்று மட்டும்
எங்கள் மூவருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது.
பிறகு நாதெலா இறங்கி
சீட்டின் ஓரக் கிழிசலைக் காட்டிப்
பதினைந்து டாலர் குறை என்றாள்.
பட்டன் கதவில் இருக்கிறது,
கதவையும் சேர்த்து எடு என்றேன்.
பத்து குறைத்தேன்.

இப்போது எல்லாம் போய்விட்டது.
டயர், கண்ணாடி, வைப்பர் கம்பி வரை.
பின்பக்கப் பலகையை வாங்கியவன்
ஃபோர்ட் என்ற எழுத்தைத் திருப்பித் தந்துவிட்டான்,
அவனிடம் ஏற்கெனவே இருக்கிறதாம்.

வலது முன்கதவு மட்டும்
கொட்டகைச் சுவரில் சாய்ந்திருக்கிறது.
யாரும் கேட்பதில்லை.
இரும்புக் கடைக்காரன் கிலோவுக்கு விலை சொன்னான்.
அடுத்த வாரம் வா என்றேன்.
அதன் பள்ளத்தில் நேற்று பெய்த மழை.
கோழி ஒன்று எட்டிக் குடித்துவிட்டுப் போகிறது.