சுரண்டாத கம்பி

செம்பு உடம்புக்கு நல்லதென்றால்
கல்முனையிலேயே சுகமான கை
என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும்.
இருபத்திரண்டு வருசம்.
வட்டைக்குள் தண்ணீர் இறைத்து இறைத்து
எரிந்துபோய் வருகிற மோட்டார்களின்
கருகிய காயிலை உளியால் வெட்டி இழுத்து
புதுக் கம்பி சுற்றுகிறேன்.
ஒரு பள்ளத்துக்கு நாற்பத்தெட்டுச் சுற்று.
நாற்பத்தேழில் யாராவது சலாம் சொன்னால்
பதில் சொல்லிவிட்டு
திரும்ப ஒன்றிலிருந்து.

இரவில் மணிக்கட்டு உழையும்.
மனைவி கோடாலித் தைலம் தேய்த்தபடி கேட்பாள்,
இன்றைக்கு எத்தனை மோட்டார் என்று.

சிறுபோகத்தில்தான் நேசமலர் வந்தாள்,
காரைதீவிலிருந்து, சைக்கிளில்.
நாலு கடைக்கு இடியப்பம் கொடுக்கிறவள்.
இரண்டு மணிக்கு எழும்பி மாவு பிழிந்து பிழிந்து
விடியும்போது விரல் மடங்காதாம்,
மடங்கினால் நிமிராதாம்.
"செம்புக் காப்புப் போட்டா போகுமாமே நானா.
சந்தையில ஆயிரத்தி ஐந்நூறு சொல்றான்.
ஒங்கட கடையில கிடக்கிற துண்டுல
ஒண்டு முறுக்கித் தாங்களன்."

மூன்று இழையை முறுக்கினேன்.
மினுங்கியது.
அது செம்பின் மினுக்கம் இல்லை,
மேலே பூசிய வார்னிஷ்.
அது இல்லாவிட்டால்
சுற்றும் சுற்றும் உரசி
மோட்டார் ஒரு நாளில் புகைந்துவிடும்.
நுனியைப் பிளேடால் சுரண்டினால்தான்
மின்சாரமே உள்ளே ஏறும்.
நான் சுரண்டவில்லை.
கடை நிறைய மோட்டார் கிடந்தது,
உண்மையில் எனக்கு அந்த யோசனையே வரவில்லை.

மூன்று மாதம் கழித்து வந்தாள்.
வாழையிலையில் இடியப்பம், ஒரு போத்தலில் சொதி.
"முக்காவாசி உழைவு போயிட்டு நானா.
காப்புத்தான் கொஞ்சம் தளர்ந்திட்டு."
கழற்றித் தந்த கையைப் பார்த்தேன்.
பச்சை இல்லை.
செம்பு கிடந்த தோலில்
பாசி பிடித்த மாதிரி ஒரு வளையம் விழுமே,
ஒரு பொட்டும் இல்லை.

அவள் பஸ்ஸுக்கு வழிவிட்டுச் சைக்கிளைத் தள்ளி வைத்த நேரம்
டெஸ்ட் லாம்பின் இரண்டு முனையையும்
காப்பில் வைத்தேன்.
எரியவில்லை.
தள்ளி வைத்தேன், திருப்பி வைத்தேன்.
பல்பு பழுதோ என்று முனையோடு முனை தொட்டால்
பளிச்சென்று எரிகிறது சனியன்.
தொண்ணூறு நாள் அவள் கையில் கிடந்த செம்பு
அவளை ஒரு தரமும் தொடவில்லை.

சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தேன்.
அவள் முந்திக்கொண்டாள்:
"உரல்ல இடிபட்டு இது நெளியுது பாருங்க,
அதால இப்ப மாவு பிழியிறது எங்கட இவர்தான்.
ரெண்டு மணிக்கு மனிசன் எழும்புறார் எண்டா
ஆராவது நம்புவாங்களா?"
சிரித்தாள்.
நான் காப்பை இறுக்கிக் கொடுத்தேன்.
காசு வாங்கவில்லை.

அன்று இரவு எனக்கும் ஒன்று முறுக்கினேன்.
எனக்குத் தெரியுமே,
நுனியிலிருந்து நுனிவரை சுரண்டினேன்,
பிளேடு இரண்டு முறிந்தது.
விளக்கில் வைத்துப் பார்த்தேன், எரிந்தது.
மூன்று கிழமையில் பச்சை அருமையாய்ப் பிடித்தது.
தைலம் தேய்க்கிறவளுக்குச்
சவர்க்காரம் தேய்க்கிற வேலையும் சேர்ந்தது.
உழைவு இருந்த இடத்தில் இருக்கிறது.
டாக்டர், இரண்டு மாதம் கையைச் சும்மா வையுங்க என்கிறார்.
எங்கே வைக்க?
எனக்குப் பதிலாய் எழும்பி
நாற்பத்தெட்டு வரை எண்ண யார் இருக்கிறார்?

நேற்று ஒரு பிள்ளை வந்தாள்,
நேசமலரின் மச்சாள், பாண்டிருப்பு.
தையல் மெசினில் இருந்து இருந்து
தோள் பிடித்துவிட்டதாம்.
"அவவுக்குக் குடுத்த அதே கம்பியில வேணும்.
வேற செம்பு சரிவராதாம்."

அதே கம்பிதான் மகள் என்றேன்.
மேசையில் கிடந்த பிளேடை எடுத்து
லாச்சிக்குள் போட்டேன்.
வீட்டில் மெசினில் இருக்க
வேறு யாரும் உண்டா என்று கேட்டேன்.