இறங்குமுகம்

பாலக்கோடு தக்காளி மண்டியில்
பெட்டிக் கணக்கு எழுதுகிறவள் நான்.
விலை விழும் சத்தம் எனக்குப் பழக்கம்.
எண்ணூறுக்குப் போன பெட்டியை
நாற்பதுக்குக் கேட்பார்கள்.
நாற்பதையும் எழுதுவேன், கை நடுங்காது.

தம்பி மாதேசு லோடு ஏற்றுகிறவன்.
ஓரமாய்க் கிடந்த பழைய மரப்பெட்டியில் ஒரு ஆணி.
ஆணி காலுக்குள் போனது ஒரு நொடி,
சீழ் எலும்புக்குப் போனது ஆடி மாசம் பூராவும்.
தர்மபுரி பெரியாஸ்பத்திரியில்
நீளமாய் ஒரு வெள்ளை மாத்திரை.
காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.
ஒரு வேளையும் தப்பக் கூடாதும்மா.

தப்பவில்லை.
செல்போனில் எட்டுக்கு எட்டு மணி வைத்தேன்.
ஏலக் கூச்சலுக்கு நடுவில் அது அடிக்கும்.
பேனாவைக் காதில் செருகிக்கொண்டு ஓடுவேன்.
எடைமேடைப் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான்.
வாயைத் திறடா.

மூன்றாவது வாரம்
பல் துலக்கித் துப்பியது சிவப்பு.
முழங்காலுக்குக் கீழே
கேழ்வரகு சிந்தினாற்போல் புள்ளி புள்ளியாய்.
ரத்தச் சீட்டில் தட்டணு முப்பத்தெட்டாயிரம்.
முதல் சீட்டில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.
எங்கள் வீட்டில் லட்சம் என்று ஒன்று இருந்ததே
இறங்கின பிறகுதான் தெரியும்.

டெங்கு என்றது தெரு.
எதிர்வீட்டுச் சின்னராசு பப்பாளி இலை கொண்டுவந்தான்.
அரைத்துக் கொடுத்தேன், அப்படியே வாந்தி எடுத்தான்.
பேரூராட்சி ஆள் இரண்டு பேர்
புகை அடித்துவிட்டு
எட்டு நாளுக்கு ஒருமுறை வருகிற ஒகேனக்கல் தண்ணியை
டிரம்மோடு கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.
புழு ஒன்றுகூட இல்லை அதில்.
வாசலில் ஓடுகிற தண்ணியைப் பார்த்துக்கொண்டே
எட்டு மணிக்கு
மாத்திரையைக் கொடுத்தேன்.

வார்டில் நிலோஃபர் என்று ஒரு சின்ன டாக்டர்.
காய்ச்சல் இருந்ததா என்றாள். இல்லை.
மாத்திரை அட்டையைக் கேட்டாள்,
திருப்பிப் பார்த்தாள்.
எத்தனை நாளாச்சு?
நோட்டை நீட்டினேன்.
நான்கு நேர்கோடு, ஐந்தாவது குறுக்கே,
பெட்டி எண்ணுகிற மாதிரியே.
இருபத்திரண்டு நாள். நாற்பத்து நான்கு.
"இதுதாம்மா. நிறுத்திடுங்க."

கொசு இல்லை. டிரம் இல்லை.
நான்.
"மருந்துதாம்மா, நீங்க இல்ல" என்றாள்,
அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தாள்.

ஆறாம் நாள் அறுபதாயிரம்.
பத்தாம் நாள் தொண்ணூற்று நான்கு.
புண் இன்னும் கசிகிறது, அதற்கு வேறு ஊசி.
மிஞ்சின ஆறு மாத்திரையை
மருந்துக்கடையில் திருப்பி எடுக்க மாட்டானாம்.

நேற்றுத் தண்ணி வந்தது.
டிரம்மை நிரப்பிப் பழைய வேட்டியால் வாய் கட்டினேன்.
மாதேசு சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்று
பல் துலக்கினான். துப்பினான்.
நான் குனிந்து பார்ப்பதை அவன் பார்த்தான்.
வெறும் நுரை. வெள்ளை.

"இன்னிக்கு என்னக்கா ரேட்டு?" என்றான்.