பெயர் குறிப்பிட விரும்பாதவர்

ஆறு அத்தியாயம் ஓடி முடிந்தது.
ஏழில் நிற்கிறேன், பதினேழு நாளாய்.
வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க அறை.
பாணந்துறை ரயில் போகும்போதெல்லாம்
மேசையில் மூக்குக்கண்ணாடி கொஞ்சம் நகர்கிறது,
நான் நகரவில்லை.

ஏழு என்பது மாவு ஊழல்.
எனக்குக் கேடயமும் ஓர் அமைச்சருக்கு
இருதய வருத்தமும் தந்தது.
அன்று முதற்பக்கத்தில் எழுதினேன்:
'பெயர் குறிப்பிட விரும்பாத
திணைக்கள அதிகாரி ஒருவர்.'

அப்படி ஒருவர் இல்லை.

இருந்தவன் நிஸ்தார். புறக்கோட்டையில்
கச்சான் விற்றவன். பழைய கடதாசியைக்
கிலோக் கணக்கில் வாங்கிச் சுருள் செய்வான்.
பஸ்ஸுக்கு நின்று கொறித்து முடித்து
கசக்கி எறியப்போன கையில்
ஒரு நிறுவைத் துண்டு: ஒரே லொறி,
ஒரே மணித்தியாலத்தில் பதினொரு தரம்
துறைமுகத்தை விட்டு வெளியேறியிருக்கிறது.

அரைச் சம்பளத்துக்குக் கச்சான் வாங்கினேன்.
மூன்று நாள் கந்தோர் முழுக்கக் கோது.
ஆசிரியர் கேட்டார்: "ஆர் தந்தது?"
கச்சான்காரன் என்று சொல்ல வெட்கமாயிருந்தது.
"சொல்ல ஏலாது" என்றேன்.
அந்தச் சொல்லுக்கு அப்போது அவ்வளவு மரியாதை.
(செய்தி வந்த மறுநாள் நிஸ்தார்
அதிலும் சுருள் செய்தான்.)

அவர்கள் தேடினார்கள்.
தமிழ்ப் பத்திரிகையில் வந்ததால்
தமிழ் தெரிந்தவரைத் தேடினார்கள்.
அந்தக் கிளையில் ஒருவர்தான்:
குலவீரசிங்கம், எழுதுவினைஞர், கொட்டாஞ்சேனை.
நாலாம் மாடி. நாற்பத்தொரு நாள்.
திரும்பி வந்தபோது வலது காது கேளாது,
வேலையும் இல்லை.

ஒரு தரம் ஜெம்பட்டா வீதி மட்டும் போய்
தோடம்பழப் பையோடு
அப்படியே திரும்பி வந்தேன்.

பிறகுதான் கேள்விப்பட்டேன்.
சனம் கேட்கக் கேட்க
இல்லை, இல்லை என்றிருக்கிறார் முதலில்.
பின் ஒருநாள் பேசாமல் இருந்திருக்கிறார்.
அன்றிலிருந்து சலூனில் அவரிடம் காசு வாங்கவில்லை.
கோயிலில் காளாஞ்சி.
மகளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம், சீதனம் குறைத்து.
'மாவைப் பிடிச்ச மனுசன்' என்றே பேர்.
மரண அறிவித்தலிலும் ஒரு வரி அதைச் சொன்னது.

உண்மையை எழுதினால்
எனக்கு வெறும் வெட்கம்,
புத்தகம் இன்னும் கூடத்தான் விற்கும்.
அவருக்கு நாற்பத்தொரு நாளும்
ஒரு காரணமும் இல்லாமற் போகும்.

நேற்று மகன் ரொறொன்ரோவிலிருந்து எடுத்தான்.
"அப்பாவைப் பற்றி எழுதுறீங்களாம்.
படம் அனுப்பியிருக்கிறன்."
கழுத்துப்பட்டி. எண்ணெய் வைத்து வாரிய தலை.
இடது காதைக் கமராவுக்குத் திருப்பி
ஆரோ சொல்லப்போவதைக் கேட்கிற மாதிரி.

படத்துக்குக் கீழே ஒரு வரி வேணுமாம்.
அச்சகம் வெள்ளிக்கிழமை மட்டும் பொறுக்கும்.