ஒரு மீற்றர்

ஒரு மீற்றர் இடைவெளி விடச் சொல்லி
ஒலிபெருக்கி கட்டின ஓட்டோ
வட்டக்கச்சிச் சந்தியால் கத்திக்கொண்டு போனது.
எனக்கு ஒரு மீற்றர் என்றால் வேறு.
முகமாலையில் நான் திறக்கும் பாதையின் அகலம் அது.
இரண்டு பக்கமும் கயிறு,
நடுவில் முழங்காலில் நான்,
முகத்துக்கு முன்னால் கீறல் விழுந்த கண்ணாடி.
பத்து வருசத்தில் எவ்வளவு தூரம் நகர்ந்திருப்பேன் என்று
ஒருக்கால் கணக்குப் பார்த்தேன்.
பளை வரைக்கும்கூட வரவில்லை.

பங்குனியில் ஒரு வெள்ளி பின்னேரம்
வாகனம் எங்களை இறக்கிவிட்டுப் போனது.
"திங்கள் சொல்லுறன்" என்றாள் சுகந்தமலர்.
எத்தனையோ திங்கள்.

ஊரடங்கு எங்களுக்குப் புதுச் சொல் இல்லை.
முந்தி அந்தச் சொல்லுக்குள் ஒரு சத்தம் இருந்தது.
காது இந்த முறையும் அதைத் தேடியது.
ஒன்றும் வெடிக்காத இரவு
இவ்வளவு நீளமா?

ஐந்தாம் நாள் விடிய வாய்க்கால் கட்டில் ஏறினேன்.
பொலிஸ் ரோட்டில்தான் நிற்கும்.
நடந்தேன் என்று சொல்லக் கூடாது,
மண்ணைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன்.
சோடா மூடி. ஈயத்தாள். நத்தைக் கோது.
ஒவ்வொன்றிலும் கண் நின்று
அனுமதி கேட்டுப் போனது.
மருதமரத்தடியில் கழுத்து நொந்து நிமிர்ந்தால்
மரம் முழுக்கக் கொக்கு.
அடுத்த நாளும் போனேன்.
அதற்கடுத்த நாள் செருப்பில்லாமல்.

கைதான் சும்மா இருக்க மாட்டன் என்றது.
உரப்பையின் வாய்த் தையலைச்
சரியான நுனியில் பிடித்து இழுத்தால்
சர்ரென்று முழுதும் கழன்று வரும்.
பிழையான நுனி என்றால் அதிலேயே இறுகும்.
வீட்டில் ஆறு பை, பக்கத்து வளவில் பதினொன்று.
தம்பியின் சைக்கிள் கம்பியொன்றை
அடுப்பில் பழுக்கவைத்து நுனியை வளைத்தேன்.
"என்ன பின்னுறாய்?"
"வட்டம்."
கால்மிதி என்றுதான் தொடங்கினது;
எங்கேயோ கண்ணி தவறிக் கிண்ணம்போலக் குழிந்தது.
அவிழ்த்தேன். பின்னினேன். அவிழ்த்தேன்.
பிழைத்தால் அவிழ்க்கலாம் என்பது
என் விரல்களுக்கு முதல்தரம் கிடைத்த சலுகை.
அன்றிரவு விளக்கை நிற்பாட்டாமலே
நித்திரையாகிப் போனேன்.

சித்திரை கடைசியில், வயல் கரையில்,
ஆட்காட்டி ஒன்று தலைக்கு மேலே வந்து வந்து கத்தியது.
தூக்கின கால் அந்தரத்தில் நின்றது.
காலுக்கு முன்னால் நாலு முட்டை,
மண் நிறம், கரும்புள்ளி.
மண்ணைப்போல இருக்கத் தெரிந்தவற்றை
எனக்குத் தெரியும்.
பின்னால் அடி வைத்து,
வந்த தடத்திலேயே திரும்பினேன்.
வீட்டில் பூவரசங் கம்பு நாலு வெட்டி,
படலைக்கு அடித்து மிஞ்சின சிவப்பில் நுனி தோய்த்து,
பின்னினதில் பாதியை அவிழ்த்து,
முட்டையைச் சுற்றி ஒரு மீற்றர் கயிறு கட்டினேன்.

சிறுபோகத்துக்கு உழ வந்த குலவீரன் அண்ணை
ட்ரக்டரை நிற்பாட்டி, அங்கேயே நின்று கேட்டார்:
"பிள்ளை… இதுக்குள்ளயும் இருக்கோ?"
அவரின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன்.
கம்புக்குச் சிவப்பு அடித்திருக்கக் கூடாது.
"ஓம் அண்ணை. நாலு."
"என்ன சாமான்?"
"முட்டை."
அவர் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார்.
பிறகு சிரித்தார்,
பிறகு நெடுநேரம் ஸ்ரியரிங்கில் கையை வைத்தபடி
பேசாமல் இருந்தார்.
அந்தச் சதுரத்தை மட்டும் விட்டு உழுதுகொண்டு போனார்.

மூன்று பொரித்தது. ஒன்று கூழ்.
குஞ்சுகள் கயிற்றுக்குக் கீழாலே குனியாமல் போய்,
உழுத சால்களுக்குக் குறுக்கே,
இடமும் பார்க்காமல் வலமும் பார்க்காமல்
ஓடின.

திங்கள் வேலையாம்.
பையில் சோற்றுப் பெட்டிக்குப் பக்கத்தில்
அரைவாசி வட்டம் ஒன்று இருக்கிறது.